ஷீட் பேன் ஸ்டேக், காய்கறி, சிமிச்சுரி சாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலை நாள் இரவுகளில் பல வீடுகளில் செய்யப்படும் உணவு இது: விளிம்புள்ள ஓர் அகலத் தட்டில் காய்கறிகளையும் ஸ்டேக்கையும், அதாவது தடிமனாக வெட்டிய மாட்டிறைச்சித் துண்டையும், ஓவனில் சுட்டெடுத்து, சிமிச்சுரி எனும் பச்சிலை சாஸை மேலே ஊற்றிப் பரிமாறுவார்கள். இங்கே புதிதாகக் குடிவந்து, வாடகை வீட்டு ஓவனை முதன்முறையாகத் திறந்து பார்க்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

ஷீட் பேன் ஸ்டேக்னா என்ன? எல்லாத்தையும் ஒரே தட்டுல கொட்டி உள்ளே தள்ளிட வேண்டியதுதானா?

தட்டு ஒன்றுதான், ஆனால் அதில் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. முதலில் கிழங்கு வகைகள், பிறகு மென்மையான காய்கள், கடைசியில் ஸ்டேக் என்று வரிசையாக ஏறி, எல்லாம் ஒன்றாக இறங்க வேண்டும். கீழே வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை இந்த வரிசையிலும், இறைச்சியின் மேற்பரப்பில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்வதிலும்தான் இருக்கிறது.

ஓவனில் இரண்டு விதமான வெப்பம் தேவைப்படும். காய்கறிகளுக்கு எல்லாப் பக்கமும் சூழும் 'பேக்' வெப்பம். ஸ்டேக்குக்கு ஓவனின் கூரையிலுள்ள கம்பியோ கேஸ் சுடரோ மேலிருந்து நேரடியாகச் சுடும் 'ப்ராய்ல்' வெப்பம். பிரிட்டனில் இருப்பவர்கள் தங்கள் ஓவனில் இதை 'கிரில்' என்ற பெயரில் காண்பார்கள்.

எந்தத் தட்டு வாங்கணும்? வீட்டுல இருக்கற கண்ணாடிப் பாத்திரம் போதாதா?

'ஹாஃப் ஷீட்' என்று விற்கப்படும் 18க்கு 13 அங்குல அலுமினியத் தட்டு நால்வருக்குப் போதுமானது. அதன் விளிம்பு ஓர் அங்குல உயரமே இருப்பதால் காய்கறிகளிலிருந்து கிளம்பும் ஆவி தேங்காமல் வெளியேறிவிடும். கண்ணாடிப் பாத்திரத்தை ப்ராய்லின் கீழ் வைக்கவே கூடாது. திடீர் வெப்பத்தில் அது வெடித்துச் சிதறக்கூடும். ஒட்டாத பூச்சுள்ள தட்டும் இந்த வெப்பத்துக்கு ஏற்றதன்று.

கழுவும் வேலையைக் குறைக்க அலுமினியத் தாளை விரித்துக்கொள்ளலாம். பார்ச்மென்ட் தாளை, அதாவது நம் ஊர் பட்டர் பேப்பர் போன்றதை, ப்ராய்லின் கீழ் வைத்தால் கருகித் தீப்பிடிக்கும். மெல்லிய தட்டு சூட்டில் 'டொங்' என்ற சத்தத்துடன் வளைவதைக் கண்டு பலர் பதறுகிறார்கள்; ஆறியதும் அது பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும், கனமான தட்டில் இந்தத் தொல்லை குறைவு.

கடையில் இத்தனை வகை ஸ்டேக் இருக்கே, எதை எடுக்கறது?

வார நாள் சமையலுக்கு டாப் சர்லாயினையும், விருந்தினர் வரும் நாளுக்கு ஸ்ட்ரிப் ஸ்டேக்கையும் பரிந்துரைப்பேன். ரிப்ஐ சுவையில் உயர்ந்ததுதான். ஆனால் அதன் கொழுப்பு உருகித் தட்டில் தெறித்துப் புகையை எழுப்பும். ஃப்ளாங்க், மாட்டின் வயிற்றுப் பகுதியிலிருந்து வரும் நார் மிகுந்த துண்டு; சரியாக வெட்டத் தெரிந்தால் அது நல்ல சுவை தரும். 'ஸ்டூ' என்றோ 'ரவுண்ட்' என்றோ எழுதியிருப்பவை மெதுவாக, நெடுநேரம் வேக வேண்டியவை. அவற்றை இந்த முறையில் செய்தால் மெல்லவே முடியாது.

துண்டின் பருமன், அதன் பெயரைவிட முக்கியம். 1 அங்குலத்துக்குக் குறையாத, இரண்டும் ஒரே பருமனுள்ள துண்டுகளாகத் தேர்ந்தெடுங்கள். அரை அங்குலத் துண்டு, மேலே நிறம் ஏறுவதற்குள் உள்ளே முழுதும் வெந்துவிடும். தர முத்திரையில் அமெரிக்காவில் 'சாய்ஸ்', கனடாவில் 'ஏஏஏ' இருந்தால் போதும். 'ப்ரைம்' என்று தேடி அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

அளவும் நேரமும் வரிசையாச் சொல்லுங்களேன்.

நால்வருக்கு: 1 அங்குலப் பருமனுள்ள இரண்டு சர்லாயின் துண்டுகள், சேர்த்து ஏறக்குறைய 700 கிராம், சிறு உருளைக்கிழங்கு 500 கிராம், கேரட் 2, பெரிய சிவப்பு வெங்காயம் 1, நடுத்தர அளவு ப்ராக்கோலி 1, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள். ஓவனை 220 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 425 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்குங்கள். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, கேரட்டை விரல் பருமனில் நறுக்கி, எண்ணெயும் உப்பும் புரட்டி, கிழங்கின் வெட்டிய முகம் தட்டில் படும்படி பரப்பி 20 நிமிடம் வையுங்கள். பிறகு வெங்காயத்தையும் ப்ராக்கோலியையும் சேர்த்து மேலும் 10 நிமிடம் விடுங்கள்.

இப்போது தட்டை வெளியே எடுத்து, ஓவன் கம்பித் தட்டை மேல் கம்பியிலிருந்து ஏறக்குறைய 4 அங்குலம் கீழே இருக்குமாறு கையுறை போட்டுக்கொண்டு மாற்றி, ப்ராய்லை முழு அளவில் வையுங்கள். கம்பி செக்கச்சிவந்து வர 5 நிமிடமாவது ஆகும். காய்களை ஓரங்களுக்குத் தள்ளி, நடுவில் ஈரம் ஒற்றியெடுத்து எண்ணெய் தடவிய ஸ்டேக்கை வைத்தவுடன், சூடேறியிருக்கும் தட்டில் 'சுர்' என்ற சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் 4 நிமிடம், திருப்பிப் போட்டு 3 முதல் 4 நிமிடம். எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டு, வெட்டி, சாஸ் ஊற்றிப் பரிமாறுங்கள்.

கறியையும் முதல்லயே வெச்சுட்டா ஒரு வேலை மிச்சமாகாதா?

உருளைக்கிழங்குக்கு அரை மணி நேரம் தேவை. 1 அங்குல ஸ்டேக்குக்கு 8 நிமிடம் போதும். இரண்டையும் ஒன்றாக வைத்தால், கிழங்கு வேகும்போது இறைச்சி சாறெல்லாம் இழந்து சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும். அந்தச் சாறு தட்டில் பரவிக் காய்கறிகளையும் புழுக்கிவிடும். ஒரு வேலையை மிச்சப்படுத்தப் போய் இரண்டையும் கெடுத்துக்கொள்வதுதான் நடக்கும்.

என் காயெல்லாம் முறுகலா வராம புழுங்கின மாதிரி வருது. எங்க தப்பு?

பெரும்பாலும் தட்டில் நெரிசல்தான் காரணம். காய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால், அவற்றிலிருந்து வரும் நீராவி வெளியேற வழியின்றி அங்கேயே சுழலும். நீர் இருக்கும்வரை அந்த இடத்தின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறம் ஏறுவதற்கோ ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். காய்களுக்கிடையே தட்டின் உலோகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இரண்டாவது தட்டை எடுங்கள். கழுவிய ப்ராக்கோலியின் பூக்களுக்குள் நீர் ஒளிந்திருக்கும் என்பதால், உதறித் துணியில் ஒற்றி எடுத்த பிறகே எண்ணெய் புரட்ட வேண்டும். சுரைக்காய், பூசணி போன்ற நீர்க்காய்களை இந்தத் தட்டில் சேர்க்காமல் இருப்பது நல்லது. காளான் சேர்ப்பதென்றால் முழுதாகவே போடுங்கள்.

கறியைக் கழுவாம எப்படிச் சமைக்கறது? மனசு ஒப்பலையே.

நம் வீடுகளில் இறைச்சியை மஞ்சள் போட்டு நாலைந்து தண்ணீரில் அலசியே பழக்கம் என்பதால், இந்தத் தயக்கம் முற்றிலும் இயல்பானது. ஆனால் இங்கே பொட்டலத்தில் வரும் ஸ்டேக்கைக் கழுவ வேண்டாம் என்றுதான் அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்கிறது. கழுவும்போது தெறிக்கும் துளிகள் தொட்டியிலும் பக்கத்திலிருக்கும் காய்கறியிலும் கிருமிகளைப் பரப்பும்; மேற்பரப்பிலுள்ள கிருமிகளை ப்ராய்ல் வெப்பம் கொன்றுவிடும்.

சுவைக்கும் இதில் பங்கு உண்டு. இறைச்சியில் ஏறும் பழுப்பு நிறமும் மணமும் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் 1912ல் விவரித்த வினையால் உண்டாகின்றன. அந்த வினை, முந்தைய விடையில் சொன்னபடி, ஈரம் காய்ந்த பிறகே தொடங்கும். ஆகவே பேப்பர் டவலால் இரு பக்கமும், ஓரங்களிலும் அழுத்தி ஒற்றுங்கள். தாள் நனையாமல் வரும்வரை ஒற்றுங்கள்.

உப்பு எப்ப போடணும்? இஞ்சி பூண்டு விழுது தடவி ஊற வைக்கலாமா?

உப்பு போட்ட சில நிமிடங்களில் இறைச்சியின் நீர் மேலே துளிர்க்கும். ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் அது உப்போடு சேர்ந்து மீண்டும் உள்ளே இறங்கும். எனவே 45 நிமிடத்துக்கு முன்பே போடுங்கள், அல்லது ஓவனில் வைப்பதற்குச் சற்று முன் போடுங்கள்; இடைப்பட்ட நேரத்தில் போட்டால் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்போதே சுட வேண்டிவரும். முதல் நாள் இரவே உப்பிட்டு, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது.

இஞ்சி பூண்டு விழுதும் தயிரும் ப்ராய்லின் கீழ் ஒத்துவரா. பூண்டு கருகிக் கசக்கும். தயிரின் ஈரம் நிறமேறுவதைத் தடுக்கும். பூண்டின் காரமும் புளிப்பும் சாஸில் தாராளமாக வரப்போகின்றன என்பதால் இறைச்சிக்கு உப்பும் மிளகும் போதும்.

ஒவ்வொரு தடவையும் புகை அலாரம் அடிக்குது. ஓவன் கதவைத் திறந்து வைக்கணுமா?

கதவைப் பற்றி ஓவனின் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள். சில பழைய மின் ஓவன்களில் ப்ராய்ல் செய்யும்போது கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். பலவற்றில் மூடியே வைக்க வேண்டும்.

புகைக்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெயும் கொழுப்பும்தான். எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெயைச் சாஸுக்கு ஒதுக்கிவிட்டு, தட்டில் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயையோ அவகாடோ எண்ணெயையோ பயன்படுத்துங்கள். ஸ்டேக்கின் ஓரக் கொழுப்பைக் கால் அங்குலத்துக்குக் குறைத்துவிடுங்கள். முன்பு சமைத்தது ஓவனின் அடியில் சிந்தியிருந்தால் துடைத்துவிடுங்கள். புகை வந்த பிறகு போடுவதைவிட, ப்ராய்லைத் தொடங்கும்போதே மின்விசிறியைப் போடுவது பலன் தரும்.

உள்ளே சிவப்பா இருக்கே, அது ரத்தம்தானே? சாப்பிட்டா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதா?

அது ரத்தமன்று. தசையில் ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் மையோகுளோபின் என்ற புரதம் நீரோடு கலந்து சிவப்பாகத் தெரிகிறது. முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் இருப்பது பெரும்பாலும் மேற்பரப்பில்தான். கொத்துக்கறியில் மேற்பரப்பெல்லாம் உள்ளே கலந்துவிடுவதால், அதை 71 டிகிரி செல்சியஸ் வரை வேகவைத்தே ஆக வேண்டும்.

முழு ஸ்டேக்குக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் அளவு, நடுப்பகுதியில் 63 டிகிரி செல்சியஸ், அதாவது 145 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு 3 நிமிடம் ஆறவிடுதல். பலர் விரும்பும் மீடியம் ரேர், அதாவது உள்ளே சிவப்பு மாறாத பதம், இதற்குக் கீழே, 54 முதல் 57 டிகிரிக்குள் இருக்கிறது. அது அவரவர் தேர்வு. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தோர் ஆகியோருக்கு 63க்குக் கீழே பரிமாறக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஸ்டேக்குகளை மென்மையாக்குவதற்காகத் தொழிற்சாலையில் ஊசிகளாலோ கத்திகளாலோ குத்தியிருப்பார்கள்; அப்போது மேற்பரப்பிலுள்ள கிருமி உள்ளே போய்விடும். இதைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி கனடாவில் 2014லும் அமெரிக்காவில் 2016லும் நடைமுறைக்கு வந்தது. அப்படி அச்சிட்டிருந்தால் யாருக்கானாலும் 63 டிகிரிக்குக் குறையாமல் சமையுங்கள்.

தெர்மாமீட்டர் வாங்கித்தான் ஆகணுமா? விரலால அழுத்திப் பார்த்தாத் தெரியாதா?

வாங்குங்கள். விரலால் கணிப்பது நாள்தோறும் ஸ்டேக் சுடும் சமையல்காரர்களுக்குக் கைவரும். மாதம் ஒருமுறை செய்பவருக்கு வராது. ஊசியை மேலிருந்து குத்தாமல், துண்டின் பக்கவாட்டிலிருந்து நடுவரை செலுத்துங்கள். வெளியே எடுத்த பிறகும் உள்வெப்பம் 3 டிகிரி அளவுக்கு ஏறும் என்பதால், மீடியம் ரேர் வேண்டுமானால் 52 டிகிரியில் எடுத்துவிடலாம். 63 டிகிரி தேவைப்படுவோருக்கு ஓவனில் இருக்கும்போதே அந்த அளவு வந்துவிட வேண்டும்.

அம்மா அப்பா நல்லா வெந்தாத்தான் சாப்பிடுவாங்க. ஆனா அப்படிச் செஞ்சா ரப்பர் மாதிரி ஆயிடுதே?

அவர்களுக்கான துண்டை முதலிலேயே தனியாகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். 71 டிகிரி வரை வெந்தாலும் ஓரளவு சாறு தங்கும் ரிப்ஐ போன்ற கொழுப்புள்ள துண்டு இதற்கு ஏற்றது. ஃப்ளாங்கும் சர்லாயினும் அந்த வெப்பத்தில் இறுகிவிடும். அவர்கள் துண்டை 3 அல்லது 4 நிமிடம் முன்னதாகத் தட்டில் வைத்து, பின்னர் மற்றதை வைத்தால் இரண்டும் ஒன்றாக இறங்கும். மெல்லிய சீவல்களாக வெட்டி, சாஸில் இரண்டு நிமிடம் புரட்டிக் கொடுங்கள். உள்ளே சிவப்பு தெரியும் துண்டைச் சாப்பிடும்படி பெரியவர்களை வற்புறுத்துவது தேவையற்றது. அவர்கள் விரும்பும் பதத்திலேயே நன்றாகச் செய்து தருவதுதான் சமைப்பவரின் பொறுப்பு.

எடுத்த உடனே வெட்டினா என்ன? எந்தப் பக்கம் வெட்டறதுன்னும் புரியலை.

சூட்டோடு வெட்டினால் சாறு பலகையில் வழிந்தோடிவிடும். 5 நிமிடம் விட்டால் அது சற்றுக் கெட்டிப்பட்டு இறைச்சியிலேயே தங்கும். மேற்பரப்பைச் சுட்டால் சாறு உள்ளே அடைபட்டுவிடும் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் பரப்பிய கருத்து தவறென்று பின்னர் நிறுவப்பட்டுவிட்டது. சுடுவது நிறத்துக்கும் மணத்துக்கும் மட்டுமே. ஆறவிட்ட தட்டில் தேங்கும் சாற்றைக் கொட்டிவிடாமல் உருளைக்கிழங்கின் மேல் ஊற்றுங்கள்.

வெட்டும் திசையை ஃப்ளாங்கில் எளிதாகக் கற்கலாம். நார்கள் கோடு கோடாக ஒரே திசையில் ஓடுவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கத்தியைச் சற்றே சாய்த்து, அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே அரை சென்டிமீட்டர் தடிமனில் வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் நீண்ட இழைகள் தெரிந்தால் திசை தவறு. பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் சரி. சர்லாயினில் கோடுகள் ஓரிடத்தில் திசை மாறக்கூடும். பாதி வெட்டியதும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

சிமிச்சுரி எப்படிச் செய்யறது? மிக்ஸில போட்டு ஒரு சுத்து சுத்தினா ஆகாதா?

சிமிச்சுரி அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் நெருப்பில் வாட்டிய இறைச்சியுடன் பரிமாறப்படும் சாஸ். பொடியாக நறுக்கிய பார்ஸ்லி இலை 1 கப், நறுக்கிய பூண்டு 4 பல், உலர்ந்த ஓரிகானோ 1 தேக்கரண்டி, மிளகாய்ச் செதில் அரை தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, ரெட் ஒயின் வினிகர் 3 மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் அரை கப். முதலில் எண்ணெய் நீங்கலாக எல்லாவற்றையும் கலந்து 10 நிமிடம் வைத்தால் உப்பு கரைந்து, பூண்டின் பச்சை வாடை தணியும். பிறகு எண்ணெய் ஊற்றி இன்னும் 20 நிமிடம் விடுங்கள். காய்கள் ஓவனில் இருக்கும் நேரம் இதற்குச் சரியாக இருக்கும்.

மிக்ஸியில் அரைத்தால் இலை கூழாகி, எண்ணெயோடு குழம்பி, சாஸ் வெளிறிப்போகும். கத்தியால் நறுக்கிய இலைத்துணுக்குகள் எண்ணெயில் தனித்தனியே மிதப்பதே இதன் அழகு. இறைச்சியோடு சேர்த்து மெல்லும்போது அவை பல்லில் படும்.

பார்ஸ்லி கிடைக்கலைன்னா கொத்தமல்லி போடலாமா? சட்னி ஆயிடாதா?

போடலாம்; வட அமெரிக்காவில் பலர் இரண்டையும் கலந்தே செய்கிறார்கள். சட்னியாக மாறாமல் இருக்க, எலுமிச்சையையும் பச்சை மிளகாயையும் தவிர்த்து வினிகரையும் ஓரிகானோவையும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். புதினா மட்டும் வேண்டாம், அது மற்ற எல்லா மணத்தையும் அமுக்கிவிடும்.

ஓரிகானோ இல்லாதவர்களுக்குத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி கைகொடுக்கும். ஓரிகானோவுக்கு மணம் தரும் கார்வக்ரால், தைமால் ஆகியவை கற்பூரவல்லியிலும் இருக்கின்றன. இலை சதைப்பற்றாகவும் மணம் கடுமையாகவும் இருப்பதால் இரண்டு இலைகளை மிகப் பொடியாக நறுக்கிப் போட்டால் போதும்.

சாஸை நிறையச் செஞ்சு வெச்சுக்கலாமா?

ஃபிரிட்ஜில் 3 அல்லது 4 நாள் வைக்கலாம். சமையல் மேடையில் வைக்கக் கூடாது. எண்ணெய்க்குள் காற்றுப் புகாமல் கிடக்கும் பச்சைப் பூண்டில் பொட்டுலிசம் எனும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். 1985ல் கனடாவின் வான்கூவரில், குளிரூட்டாமல் வைத்திருந்த எண்ணெய்ப் பூண்டால் பலர் இந்த நோய்க்கு ஆளானார்கள். வினிகர் ஓரளவு பாதுகாப்புத் தந்தாலும் வீட்டில் அதன் புளிப்பை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அதிகம் செய்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டியபோது ஒன்றிரண்டு கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுல ஒருத்தர் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார், இன்னொருத்தர் சைவம். இதே முறை ஒத்துவருமா?

ஒத்துவரும். 1 அங்குல ஆட்டு லோயின் சாப்ஸுக்கு ஸ்டேக்கின் நேரமே பொருந்தும். எலும்பில்லாத கோழித் தொடையை ப்ராய்லில் போடாமல், கிழங்கு ஏறிய 10ஆவது நிமிடத்திலேயே தட்டில் வைத்து 74 டிகிரி செல்சியஸ் வரை வேகவிடுங்கள். நிறம் வேண்டுமானால் கடைசி 2 நிமிடம் மட்டும் ப்ராய்ல் செய்யலாம். சைவம் சாப்பிடுபவருக்கு 13க்கு 9 அங்குலத்தில் தனித் தட்டு வேண்டும். ஒரே தட்டில் ஓரமாக வைத்தால் இறைச்சிச் சாறு அங்கே ஓடிவரும்; அது அவருக்குச் செய்யும் அவமரியாதை. 1 அங்குலப் பருமனில் நெடுக்காக அரிந்த காலிஃப்ளவர் இந்தச் சாஸுடன் மிக நன்றாகச் சேரும்; அதற்கு 220 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் ஆகும்.

சென்னைல எங்க வீட்டு ஓடிஜில இதைச் செய்ய முடியுமா?

காய்கறிகள் தடையின்றி வரும். ஆனால் ஓடிஜி எனும் சிறிய மின் ஓவனின் மேல் கம்பிக்கு ஸ்டேக்கை நிறமேற்றும் வலு பெரும்பாலும் இராது. அதனால் ஸ்டேக்கை மட்டும் நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் சுட்டு, காய்களோடு சேருங்கள். கடையில் குழம்புக்கு வெட்டிய துண்டுகளை வாங்காமல், 'அண்டர்கட்' என்று கேட்டு முழுத் துண்டாக வாங்கி, வீட்டில் நாருக்குக் குறுக்கே 1 அங்குலப் பருமனில் வெட்டிக்கொள்ளுங்கள். அதிகம் உழைக்காத தசை என்பதால் அது எளிதில் மென்மையாக வரும்.

மிச்சத்தை மறுநாள் மைக்ரோவேவ்ல சூடாக்கினா கெட்டியாயிடுது. என்ன செய்யறது?

ஸ்டேக்கைச் சூடாக்காதீர்கள். சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்ததை 3 அல்லது 4 நாளுக்குள், குளிர்ந்திருக்கும்போதே மெல்லியதாகச் சீவி ரொட்டிக்குள்ளோ சாலட்டிலோ வைத்துச் சாப்பிடலாம். காய்களை மட்டும் 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 8 நிமிடம் வைத்தால் முறுகல் திரும்பிவிடும். அவற்றை வெளியே எடுத்ததும் சீவிய இறைச்சியை மேலே பரப்பிவிட்டால் அந்தச் சூட்டிலேயே அதன் குளிர் விட்டுவிடும். 63 டிகிரிக்குக் குறையாமல் சாப்பிட வேண்டியவர்கள் என்று மேலே குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் இந்தக் குளிர் முறை வேண்டாம். சீவல்களைக் கொஞ்சம் நீர் தெளித்து மூடி, 74 டிகிரி வரை சூடாக்கிக் கொடுங்கள்.